கச்சான் தாளில் வந்த இறைவாக்கும் வல்லரசின் வெளியுறவும்

வறுத்த கச்சான் கடலை சுற்றி வந்த தாள் ஒன்றை ஆதாரமாகக் கொண்டு, உலகின் பெரிய வல்லரசு தன் வெளியுறவுக் கொள்கையை எவ்வாறு வகுக்கிறது என்று நான் ஒருமுறை யாழ்ப்பாணத்து வாசகர்களுக்கு விளக்கியிருக்கிறேன். கேட்பவர்கள் சிரிப்பார்கள். எனக்கு இன்றும் சிரிப்பு வருவதில்லை.

அயல்நாட்டுப் பக்கத்தின் பொறுப்பை ஏற்றிருக்கும் இளைய நண்பர்களே, மொழிபெயர்ப்பின் நுட்பங்களைப் பற்றி எழுதித் தருமாறு கேட்டிருந்தீர்கள். அவை பழகப் பழகத் தாமே கைவரும். நான் எழுதவிருப்பது ஒரே ஒரு வாக்கியத்தைப் பற்றி. அதை எழுத எனக்கு இரண்டு நிமிடங்களும் ஆகவில்லை. அதைத் திரும்பப் பெறுவதற்குள் ஒரு மனிதர் தம் ஊரை இழக்கும் நிலைக்கு வந்துவிட்டார்.

எண்பத்தைந்தாம் ஆண்டு. யாழ் நகரின் நடுவே இயங்கிய சிறிய நாளிதழ் ஒன்றில் அயல்நாட்டுப் பக்கம் என் கையில் இருந்தது. கல்லூரியொன்றில் தமிழ் கற்பித்துவிட்டு இதழ்ப்பணிக்கு வந்தவன் ஆதலால், அலுவலகத்தில் அனைவரும் என்னைப் பண்டிதர் என்றே அழைத்தனர். பட்டம் எனக்குப் பிடித்திருந்தது என்பதை மறைக்கமாட்டேன்.

அந்நாள்களில் வாசகர் மடல்களில் ஒரே வினா திரும்பத் திரும்ப வந்துகொண்டிருந்தது. இலங்கைப் படையினருக்குப் பயிற்சி அளிக்க இசுரேலியர் வந்திருக்கின்றனர் என்பதும், கொழும்பில் அவர்களுக்கான பணிமனை அமெரிக்கத் தூதரகத்தின் நிழலிலேயே இயங்குகிறது என்பதும் ஊரறிந்த செய்திகளாகிவிட்டிருந்தன. அதுவரை வானொலியில் கேட்கும் தொலைதூரப் பகையாக இருந்த ஒன்று, எங்கள் வேலிக்கு வெளியே வந்து நின்றது. அந்தச் சிறிய நாட்டை அமெரிக்கா ஏன் இவ்வளவு தாங்குகிறது என்று மக்கள் கேட்டனர். மூன்று பகுதிகளில் விடை எழுதுமாறு ஆசிரியர் என்னைப் பணித்தார்.

முதற்பகுதியில் எண்ணெய், சோவியத்துடனான போட்டி, படைக்கல வணிகம் ஆகியவற்றைச் சொன்னேன். எவரும் எழுதக்கூடியவை. இரண்டாம் பகுதியே என் பெருமைக்குரியதாக இருந்தது. ஏனெனில் எங்கள் இதழ்களில் அதுவரை எவரும் தொடாத பொருளை அதில் எடுத்தாண்டேன். அரசியலுக்குப் பின்னால் நிற்கும் சமய வாதங்களைப் பற்றியது அது.

அமெரிக்கச் சீர்திருத்தக் கிறித்தவருள் ஒரு சாரார், ஆபிரகாமின் வழித்தோன்றல்களை வாழ்த்துவோரை இறைவன் வாழ்த்துவான் என்ற பழைய வாக்குறுதியை இன்றைய இசுரேல் அரசுக்குப் பொருத்துகின்றனர் என்று எழுதினேன். தம் நாட்டின் விளைச்சலும் வெற்றியும் அவ்வரசுக்குத் தாம் காட்டும் ஆதரவைப் பொறுத்தவை என்பது அவர்களின் போதனை. இன்னொரு சாரார், யூதர்கள் பழைய நிலத்துக்கு மீண்டதைக் கிறித்துவின் மறுவருகைக்கு முன்னடையாளமாகக் காண்கின்றனர். ஆதலால் அந்நிலத்தில் ஒரு முழத்தை விட்டுக்கொடுக்கும் உடன்படிக்கையும் இறைவனின் திட்டத்துக்கு மாறானது என்பர். கிறித்தவ நாடுகள் பல நூற்றாண்டுகளாக யூதர்க்கு இழைத்த கொடுமைகளையும், ஐரோப்பாவில் நிகழ்ந்த பேரழிப்பையும் எண்ணி, கழுவாயாக ஆதரிப்போரும் உளர். இவர்கள் வானொலியிலும் தொலைக்காட்சியிலும் பேசுகின்றனர். பேரவை உறுப்பினர்க்கு மடல்கள் எழுதுகின்றனர். எல்லாவற்றுக்கும் மேலாக, தவறாது வாக்களிக்கின்றனர். குடியரசுத் தலைவர் பதவியை நாடுவோர் இவர்களின் மேடைகளைத் தவிர்ப்பது வரவர அரிதாகிறது.

இவ்வளவும் நான் நூல்களிலும் இதழ்களிலும் தேடித் திரட்டியவை, இன்றும் மறுக்கமாட்டேன். இங்கே நிறுத்தியிருந்தால் உங்களுக்கு எழுத என்னிடம் ஒன்றும் இருந்திராது. தொலைதூரப் பொருளை வாசகருக்கு அண்மையாக்க வேண்டும் என்ற ஆசையில் ஈற்றில் ஒரு வாக்கியத்தைச் சேர்த்தேன்: “இக்கொள்கை நம்மிடையேயும் பரப்பப்படுகிறது, தெல்லிப்பழைக்கு அப்பால், அமெரிக்க மிசன் மரபில் வந்த ஒரு தேவாலயம் இதற்கென வெளியீடுகளை வழங்கிவருகிறது.”

ஆதாரம் என்னிடம் இருந்தது. உறவினர் ஒருவர் அந்தப் பக்கம் போய் வருகையில் சந்தியில் வாங்கிய கச்சானை எங்கள் வீட்டில் கொட்டினார். சுற்றியிருந்த தாளை நான் வாசித்தேன். அமெரிக்கப் போதகர் ஒருவரின் உரையைக் கரடுமுரடாகத் தமிழாக்கிய துண்டு வெளியீடு அது. இசுரேலுக்குத் தோள்கொடுக்காத நாடுகள் அழியும் என்றது. அதன் கீழ்மூலையில், மேலதிக விவரங்களுக்கு என்று, அத்தேவாலயத்தின் முகவரி மை முத்திரையாகப் பதிந்திருந்தது. முத்திரை இருக்கிறது, வேறென்ன வேண்டும் என்று கருதினேன். ஏட்டில் எழுதியிருப்பதை நம்பியே வளர்ந்தவன் நான். சைக்கிளில் ஒரு மணி நேரத்துக்குச் சற்றே கூடிய தொலைவில் இருந்த அத்தேவாலயத்துக்குப் போய், இது உங்களுடையதா என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை.

இன்னொரு காரணமும் உண்டு. சொல்ல வெட்கமாக இருக்கிறது. எங்கள் ஊர்ச் சைவர்களுக்குக் கிறித்தவர் அனைவரும் வேதக்காரர். கத்தோலிக்கர், மெதடித்தர், அமெரிக்க மிசன் மரபினர், நேற்றுத் தோன்றிய செபக்குழுவினர் ஆகிய எல்லாரும் எங்கள் பேச்சில் அந்த ஒரு சொல்லுக்குள் அடங்கிவிடுவர். அமெரிக்காவில் ஒரு சாரார், இன்னொரு சாரார் என்று வகுத்து எழுதிய நான், பத்து மைலுக்கு அப்பால் வாழ்ந்தவர்களை வகுத்துப் பார்க்கவில்லை.

கட்டுரை செவ்வாய்க்கிழமை வெளிவந்தது. பாராட்டுகள் வந்தன. வியாழன் காலை, தெல்லிப்பழைக்கு அப்பாலிருந்து வேலைக்கு வரும் எங்கள் அச்சுக்கோப்பாளர் கந்தையா அண்ணை என் மேசைக்கு முன்னால் வந்து நின்றார். எழுத்துக்களைக் கோத்துக் கோத்துக் கறுத்த விரல்கள்; யாரையும் கேலி செய்யாமல் ஒரு நாளைக் கழிக்க இயலாத வாய். அன்று கேலி இல்லை.

“பண்டிதர், உங்கடை கட்டுரையாலை எங்கடை ஊர்ப் பாஸ்ரருக்கு வில்லங்கம் வந்திட்டுது.”

“என்ன வில்லங்கம் அண்ணை?”

“பொடியள் வந்து சொல்லிப்போட்டுப் போயிட்டாங்கள். வாற ஞாயிறு பூசை முடிய அவர் குடும்பத்தோடை ஊரைவிட்டு வெளிக்கிட வேணுமாம். இஸ்ரேல்காரன்ரை ஆள் இஞ்சை இருக்கக்கூடாதாம்.”

பாஸ்ரர் என்று அவர் சொன்னது அத்தேவாலயத்துப் போதகரை; பொடியள் என்றது, அப்பகுதியில் அதிகாரம் செலுத்திய இயக்கமொன்றின் இளைஞர்களை. அவர்கள் சொன்னால் சொன்னதுதான் என்பது எல்லாருக்கும் தெரியும்.

“நான் அவரின்ரை பேரை எழுதேல்லையே!” என்றேன்.

“பேர் எழுதேல்லை. ஊரிலை உள்ள ஒரேயொரு வேதக்கோயிலை எழுதினீங்கள். அதுக்குள்ளை இருக்கிற ஒரேயொரு பாஸ்ரர் அவர். இதுக்குமேலை பேரும் வேணுமோ?”

“அந்தத் தாள் அங்கையிருந்துதானே அண்ணை வந்தது?”

“அதை நீங்கள் அவரிட்டைக் கேட்டனீங்களோ?”

என் விடைக்குக் காத்திராமல் அவர், “ஆமிக்குப் பயந்து திருகோணமலையாலை ஓடிவந்த சனம் அந்தக் கோயில் மண்டபத்திலைதான் கிடக்குது. பாஸ்ரர் போனா அதுகளும் தெருவிலைதான்” என்று சொல்லித் தம் இடத்துக்குத் திரும்பினார்.

வெள்ளி விடிந்ததும் காங்கேசன்துறை வீதியில் சைக்கிளை மிதித்தேன். வழி நெடுகிலும் எனக்குச் சார்பான வாதங்களை அடுக்கிக்கொண்டே போனேன். முத்திரை இருந்தது, நான் கற்பனை செய்யவில்லை, பொதுநலனுக்காக எழுதினேன். தெல்லிப்பழையைத் தாண்டும்போது அவ்வாதங்களில் எதுவும் மிஞ்சியிருக்கவில்லை.

தேவாலய மண்டபத்தின் சாளரங்களில் குழந்தைகளின் துணிகள் காய்ந்துகொண்டிருந்தன. போதகர் கிணற்றடியில் தண்ணீர் அள்ளிப் கஞ்சி காய்ச்சும் பெரிய கிடாரத்துக்குள் ஊற்றிக்கொண்டிருந்தார். என் வயதினர், உயரமானவர், வேட்டியை மடித்துக் கட்டியிருந்தார். நான் யார் என்று சொன்னதும் வாளியைக் கீழே வைத்தார்.

“வாரும் பண்டிதர். இஸ்ரேல் தூதரகத்துக்கு முதல்முதல் வந்த விருந்தாளி நீர்தான். இரும்.”

பையிலிருந்து தாளை எடுத்து நீட்டினேன். எண்ணெய்க் கறை படிந்த அதை இருபுறமும் திருப்பிப் பார்த்தார்.

“இது உமக்கு எங்காலை கிடைச்சது?”

“கச்சான் சுத்தி வந்தது.”

அவர் சிரிக்கத் தொடங்கினார். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். பிறகு கிணற்றுக்கட்டில் அமர்ந்தார்.

“கச்சான்காரிக்கு அதைக் குடுத்தது நான்தான் காணும். கொழும்பிலை ஏதோ ஒரு செபக்கூட்டக்காரர், ஒரு கட்டுத் தபாலிலை அனுப்பியிருந்தவை. கேளாமல் பறையாமல் எங்கடை கோயில் முகவரியையும் குத்திப்போட்டினம். ரண்டு பக்கம் வாசிச்சன். சனத்துக்குக் குடுக்கக்கூடிய சாமானில்லை. எரிப்பம் எண்டா ஆண்டவரின்ரை பேர் இருக்குது, மனம் வரேல்லை. சரி, கச்சானுக்கெண்டாலும் உதவட்டும், பசிக்கு உதவினா ஆண்டவர் கோவிக்கமாட்டார் எண்டு தூக்கிக் குடுத்தன்.” தாளை என்னிடம் திருப்பி நீட்டினார். “உம்மைப்போலை ஒருத்தர் கச்சானை விட்டிட்டுத் தாளைத் தின்னுவார் எண்டு நான் கண்டனே?”

அந்த வெளியீட்டை அவர் பரப்பவில்லை. ஊருக்குள் செல்லாமல் தடுத்தவரே அவர்தான். அவர் தள்ளிவிட்டதை நான் எடுத்து, அவர் தலைமேலேயே வைத்திருந்தேன்.

அதன் கொள்கையை அவர் ஏன் ஏற்கவில்லை என்று கேட்டேன். இந்த முறை கேட்க வேண்டும் என்று தோன்றியது.

“வாக்குறுதி குடுத்தது மெய். ஆனா அது உலகத்திலை உள்ள சனமெல்லாம் நல்லாயிருக்கிறதுக்குக் குடுத்தது. அதை ஒரு அரசாங்கத்தின்ரை பீரங்கிக்கு லைசென்ஸ் ஆக்கேலாது. பெத்லகேமிலை இண்டைக்கும் கோயிலுக்குப் போற வேதக்காரர் ஆர் தெரியுமோ? அரபுச் சனம். என்ரை சொந்தச் சகோதரங்கள். அவையளைப் பற்றி உந்தத் தாளிலை ஒரு சொல் காட்டும் பாப்பம்.”

காட்ட இயலவில்லை. என் கட்டுரையிலும் அவர்களைப் பற்றி ஒரு சொல் இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

எனக்குப் பெரும் ஆறுதல் ஏற்பட்டது. வழி கிடைத்துவிட்டதாக எண்ணினேன். “அப்ப சரி. இண்டைக்கே எழுதிறன். போதகர் இஸ்ரேலுக்கு எதிரானவர், பலஸ்தீனப் போராட்டத்தின்ரை பக்கம் நிக்கிறவர் எண்டு போட்டா, ஞாயிற்றுக்கிழமை பொடியள் வந்து மன்னிப்புக் கேட்டுக்கொண்டு போவாங்கள்.”

அவர் மண்டபத்துப் பக்கம் பார்த்தார். உள்ளே ஒரு குழந்தை அழுதுகொண்டிருந்தது.

“அதையும் எழுதாதையும்” என்றார்.

“ஏன்?”

“ஐரோப்பாவிலை யூதச் சனத்துக்கு நடந்ததிலை, எங்கடை வேதத்தைச் சேர்ந்தவையின்ரை கையும் இருக்குது. அந்தச் சனத்துக்கு ஒதுங்க ஒரு நிலம் வேண்டாமெண்டு நான் சொல்லமாட்டன். அதுக்காக மற்றச் சனத்தை அங்கையிருந்து கலைக்கலாமெண்டும் சொல்லமாட்டன். இவ்வளவும் சேந்ததுதான் நான். பாதியை வெட்டிப்போட்டு மிச்சத்தைக் காப்பாத்தாதையும்.”

“முழுதையும் எழுதினா அவங்கள் விடுவாங்களோ தெரியாது.”

“எனக்கும் தெரியாது. முதல் நீர் எனக்கு ஒரு பொய்ச் சட்டை போட்டீர். இப்ப அதைக் கழட்டிப்போட்டு, வடிவான இன்னொரு பொய்ச் சட்டை கொண்டுவாறீர். வேண்டாம். கலைபடத்தான் வேணுமெண்டா, என்ரை உடுப்போடை கலைபடுறன்.”

அவருடைய துணைவியார் தேநீர் கொண்டுவந்தார். பாதி கட்டிய பெட்டிகள் வீட்டுக் கூடத்தில் இருந்ததை நான் பார்க்கவேண்டும் என்றே கதவைத் திறந்து விட்டிருந்தார் என்று நினைக்கிறேன்.

நண்பர்களே, பிழை செய்தவனுக்கு அதைத் திருத்தும் வேளையில் எழும் அவசரம் மிகவும் இடர் நிறைந்தது. தன் மனச்சுமை இறங்கவேண்டும் என்ற வேகத்தில், தான் காயப்படுத்தியவரை மீண்டும் தன் வசதிக்கேற்ப வளைத்துவிடுகிறான். அன்று போதகர் தடுத்திராவிட்டால், அவரைக் காப்பாற்றிய பெருமையோடு நான் இரண்டாம் முறையும் பொய் எழுதியிருப்பேன். அவருக்கு இருந்த அச்சம் என் அச்சத்தினும் பெரியது. அவ்வாறு இருந்தும் அவர் விலை பேசவில்லை.

நண்பகலில் அலுவலகம் திரும்பினேன். ஊரடங்கின் காரணமாக மூன்று மணிக்குள் பக்கங்கள் முடிந்தாகவேண்டும். எட்டு வரிகளில் ஒரு விளக்கம் எழுதி அச்சுக்கூடத்துக்கு அனுப்பினேன். ஐந்து நிமிடத்தில் கந்தையா அண்ணை அத்தாளோடு வெளியே வந்தார். அலுவலகம் முழுவதற்கும் கேட்குமாறு உரக்கப் படித்தார்: “‘செவ்வாய்க்கிழமைக் கட்டுரையின் ஒரு பகுதி, வாசகர் சிலரால் பிழையாக விளங்கிக்கொள்ளப்பட்டிருப்பதாக அறிகிறோம்.’” தாளைத் தாழ்த்தினார். “இதென்ன பண்டிதர்? எழுதினவன் நல்லவன், வாசிச்சவன் மொக்கன் எண்டு போட்டிருக்கிறியள்?”

“அச்சிலை வழக்கமா அப்பிடித்தான் அண்ணை போடுறது.”

“வழக்கமா எங்களாலை ஒருத்தர் ஊரைவிட்டுப் போறேல்லை. இதை நான் கோக்கமாட்டன். வேறை ஆளைப் பாருங்கோ.”

வேறு ஆள் இல்லை என்பது அவருக்கும் தெரியும். அத்தனை ஆண்டுகளில் அவர் ஒரு வரியைக் கோக்க மறுத்தது அன்று மட்டுமே. அத்தாளை வாங்கிக்கொண்டு ஆசிரியரின் அறைக்குள் சென்றேன்.

ஆசிரியர் குறைவாகப் பேசுபவர். நடந்ததை எல்லாம் கேட்டுவிட்டு, என் எட்டு வரிகளைப் படித்து மேசையின் ஓரத்தில் வைத்தார்.

“முழுதையும் எழுதினால் நாங்கள் இஸ்ரேலுக்கு வக்காலத்து வாங்கிறம் எண்டு சொல்லுவினம். பத்திரிகையையும் வந்து கேப்பினம். அது தெரியுந்தானே?”

“ஓம் ஐயா.”

“எழுதாமல் விட்டால்?”

“அவர் ஞாயிற்றுக்கிழமை போயிடுவார்.”

கடிகாரத்தைப் பார்த்தார். “ஒண்டே முக்கால். அதே பக்கம், அதே இடம், அதே அளவு எழுத்து. உம்முடைய பேர் மேலை வரவேணும். இடத்தை நான் தாறன். பிழையை நீர் சுமக்கவேணும்.”

எழுந்து கதவருகே வந்தபோது, “பண்டிதர், வீட்டிலை சொல்லிப்போட்டு எழுதும்” என்றார். அவர் எனக்குத் தந்த அறிவுரைகளுள் மிக நீளமானது அதுவே என்று சொல்லலாம்.

வீட்டுக்குப் போய்வர நேரமில்லை. எழுதினேன். சென்ற செவ்வாயன்று நான் எழுதிய ஈற்று வாக்கியம் பொய்யானது என்று தொடங்கினேன். அத்தேவாலயம் அவ்வெளியீட்டைப் பரப்பவில்லை, அதன் முகவரியை அனுமதியின்றிப் பிறர் பயன்படுத்தினர், நான் அங்கே சென்று கேட்கவில்லை, அது என் கடமைத் தவறு என்றேன். பின்னர் போதகர் சொன்னதை அவர் சொன்னவாறே, யூதரைப் பற்றியும் பாலத்தீனரைப் பற்றியும் ஒன்றையும் குறைக்காமல் எழுதினேன். அமெரிக்கக் கிறித்தவருள்ளும் அந்த வாக்குறுதியை அரசொன்றின் உரிமைப் பத்திரமாக ஏற்காதோர் உளர் என்பதையும், சமய வாதம் ஒரு நாட்டின் கொள்கையில் செல்வாக்குப் பெற்றிருப்பதால் அச்சமயத்தினர் அனைவரும் அக்கொள்கையின் முகவர் ஆகிவிடமாட்டார் என்பதையும் சேர்த்தேன். கந்தையா அண்ணை கோத்து முடித்துவிட்டு, “இப்ப தமிழ் மாதிரிக் கிடக்கு” என்றார்.

சனியன்று இதழ் வெளிவந்தது. ஞாயிறு காலை நான் மீண்டும் அந்தத் தேவாலயத்துக்குப் போனேன். யாரும் அழைக்கவில்லை. என் வாக்கியம் என்ன செய்கிறது என்பதை அலுவலகத்தில் அமர்ந்து பிறர் வாயால் கேட்க நான் விரும்பவில்லை. திருநீற்றை அழிக்காமலே கடைசி வாங்குப் பலகையில் அமர்ந்தேன். ஊரவர் சிலர் திரும்பிப் பார்த்தனர், போதகர் பார்க்கவில்லை.

ஆராதனை முடிந்து வெளியே வந்தபோது இயக்கத்தின் பொறுப்பாளர் இரண்டு பேரோடு முற்றத்தில் நின்றார். இருபத்தைந்து வயதிருக்கும். கையில் எங்கள் இதழ் மடித்தபடி இருந்தது.

“பாஸ்ரர், பேப்பரிலை வாசிச்சன். உங்கடை வாயாலை கேக்கவேணும். நீங்கள் இஸ்ரேலுக்காகச் செபிக்கிறனீங்களோ, இல்லையோ?”

இல்லை என்று ஒரு சொல் சொன்னால் போதும். அதைச் சொல்லிவிடுங்கள் என்று நான் மனத்துக்குள் கெஞ்சினேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

“அந்தச் சனத்துக்காகச் செபிக்கிறனான். பலஸ்தீனச் சனத்துக்காகவும் செபிக்கிறனான்.”

“அவங்கள் பழக்கிவிட்ட ஆமிக்காரன் எங்கடை சனத்தைச் சுடுறான்.”

“தெரியும் தம்பி. அந்தச் சூட்டுக்குத் தப்பி வந்தவை இந்த மண்டபத்துக்குள்ளைதான் இருக்கினம். அவைக்காகவும் செபிக்கிறன். சுடுறவன்ரை கை ஓயவேணுமெண்டும் செபிக்கிறன். உங்களை விட்டுப்போட்டும் செபிக்கிறேல்லை.”

பொறுப்பாளர் என் பக்கம் திரும்பினார். “நீங்கள்தானே பண்டிதர்? செவ்வாய்க்கிழமை எழுதினது பொய்யோ, நேற்று எழுதினது பொய்யோ?”

“செவ்வாய்க்கிழமை எழுதினது. விசாரியாமல் எழுதினன். நீங்கள் அதை நம்பித்தான் இஞ்சை வந்தனீங்கள். ஆரையும் கலைக்கிறதெண்டா என்னைக் கலையுங்கோ.”

“உங்களைக் கலைக்கிறதுக்கு நீங்கள் இந்த ஊரில்லையே” என்று அவருடன் வந்தவருள் ஒருவர் சொன்னார். எவரும் சிரிக்கவில்லை.

அப்போது மண்டபத்து வாசலில் நின்ற ஒரு பெண், இடுப்பில் குழந்தையோடு, திருகோணமலைப் பேச்சில் கேட்டார்: “இவரைப் போகச் சொன்னா எங்களுக்கு நாளைக்குக் கஞ்சி காய்ச்சிறது யாரு? நீங்களா? அரிசி கொண்டு வந்திருக்கீங்களா?”

பொறுப்பாளர் அப்பெண்ணைப் பார்த்தார். கையிலிருந்த இதழைப் பார்த்தார். “சரி பாஸ்ரர். நீங்கள் இருங்கோ” என்றார்.

என் திருத்தமா, அப்பெண்ணின் வினாவா, போதகரின் மறுமொழியா, எது அவரை அசைத்தது என்று என்னால் சொல்ல இயலாது. என் எழுத்தே அவரைக் காப்பாற்றியது என்று நான் எங்கும் சொன்னதில்லை. நீங்களும் உங்கள் எழுத்தைப் பற்றி அவ்வாறு சொல்லாதீர்கள்.

சைக்கிளில் ஏறப்போன பொறுப்பாளர் என்னருகே நின்றார். “பண்டிதர், இந்த இஸ்ரேல் கதையை இதோடை விடுங்கோ. மூண்டாம் பகுதி வேண்டாம்.”

அந்த வேளையில் தலையாட்டிவிட்டு வருவதே அறிவுடைமை என்று பலரும் பின்னர் எனக்குச் சொன்னார்கள். ஆனால், பிழை விட்டவன் அஞ்சி வாயை மூடினால், வாசகரிடம் எஞ்சுவது பிழை மட்டுமே. பாதி சொன்ன பொருள் சொல்லாத பொருளைவிடத் தீங்கானது.

“இல்லைத் தம்பி, எழுதத்தான் போறன்.”

“பயமில்லையோ?”

“பயம் இருக்குது. இந்த முறை விசாரிச்சு எழுதுவன்.”

அவர் சைக்கிளை மிதித்துச் சென்றார்.

மூன்றாம் பகுதிக்குப் பத்து நாள் எடுத்துக்கொண்டேன். சமய வாதத்தின் செல்வாக்கு எதுவரை செல்கிறது, எங்கே நின்றுவிடுகிறது என்பதே அதன் பொருள். அமெரிக்கத் தலைவர் ஒருவர், இசுரேலின் நண்பர்கள் கடுமையாக எதிர்த்தபோதும், அரபு நாடொன்றுக்குப் போர்க்கண்காணிப்பு வானூர்திகளை விற்றதை எடுத்துக்காட்டினேன். மறைநூல் வாக்கு மேடையில் ஒலிக்கும், வாக்குப்பெட்டியில் எடைபெறும், ஒரு தலைவர் ஏற்கெனவே செய்ய விரும்புவதற்கு அது பேராற்றல் தரும், அவருடைய எண்ணெய்த் தேவைக்கும் படைத் தேவைக்கும் குறுக்கே வரும்போது பல வேளைகளில் ஒதுக்கிவைக்கப்படும் என்று எழுதினேன். ஒவ்வொரு கூற்றுக்கும் இது யாருடைய கருத்து, யாருடையது அன்று என்று குறித்தேன். பெத்லகேமின் கிறித்தவருக்கு இரண்டு பத்திகள் ஒதுக்கினேன். அச்சுக்குப் போகும் முன் வீட்டிலும் சொன்னேன். இயக்கத்திலிருந்து யாரும் வந்து கேட்கவில்லை.

அது வெளிவந்த நான்காம் நாள் எனக்குத் தபாலட்டை ஒன்று வந்தது. போதகரின் சிறிய, நேரான எழுத்து. “மூன்றாம் பகுதி வாசித்தேன். உலக முடிவை எதிர்பார்த்து எழும் ஆதரவையும், செய்த பாவத்தை எண்ணி எழும் ஆதரவையும் நீர் ஒரே கயிற்றால் கட்டியிருக்கிறீர். அவை வேறு வேறு. இரண்டாவதைப் பற்றி நீர் எழுதியதில் எனக்கு உடன்பாடு இல்லை. சனிக்கிழமை வாரும், கதைக்க நிறைய இருக்கிறது.”

அந்த மனிதர் தம் வீட்டில் இருந்தார். தாம் எண்ணியதையே எண்ணிக்கொண்டு, என்னோடு மாறுபட ஆயத்தமாக இருந்தார். சனிக்கிழமை காலை, குறிப்பேட்டையும் இரண்டு பேனைகளையும் எடுத்துக்கொண்டு புறப்பட்டேன்.